மருந்துக் கணக்குக்கு ஒரு தாள் போதும்

வைத்தியரிடம் வரும்போது வீட்டிலுள்ள மருந்துகள் எல்லாவற்றையும் ஒருமுறை கொண்டுவாருங்கள் என்று கேட்டால், எம்மவர்களில் வயதில் மூத்தோர் சொன்ன சொல் தவறாமல் கொண்டுவருவார்கள். ஒரு நெத்தோ கடைப் பை நிறைய இருக்கும். மேசையில் கவிழ்த்தால் பிறசர் குளிசை, சலரோகக் குளிசை, பாதியில் நிறுத்திய அன்ரிபயோட்டிக், திகதி முடிந்த இருமல் பாணி, ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த சித்தாலேப, ஒரே மருந்து மூன்று நிறப் பெட்டிகளில், எல்லாவற்றுக்கும் அடியில் றப்பர் வளையம் போட்டுக் கட்டிய ஆஸ்பத்திரிக் கடிதங்கள். "இதில எதை அம்மா இப்ப போடுறியள்?" என்று கேட்டால் பெரும்பாலும் வருகிற பதில், "அது மகளுக்குத்தான் தெரியும் தம்பி."

மகளைக் கேட்டால், அது அண்ணாவின் தொலைபேசியில் இருக்கிறது என்பார்.

அன்பான வாசகர்களே, இதை அக்கறையீனம் என்று நான் சொல்லமாட்டேன். உண்மையில் இது அக்கறை கூடியதால் வருகிற சிக்கல். எமது குடும்பங்களில் பெற்றோருக்கு ஒரு வருத்தம் என்றால் ஆளுக்கொரு ஏற்பாடு செய்துவிடுகிறோம். ஓகூஸிலிருக்கும் மூத்த மகன் கணனியில் நிறம்நிறமாக ஒரு அட்டவணை போட்டு அனுப்புவார். மருமகள் தொலைபேசியில் மணியடிக்கும் ஒரு செயலியை ஏற்றிக் கொடுப்பார். இளைய மகள் கிழமைப் பெட்டி ஒன்று வாங்கி ஒவ்வொரு ஞாயிறும் நிரப்புவார். அம்மா தன்பாட்டுக்கு, சுவரில் தொங்கும் நாட்காட்டியில் பேனையால் குறித்து வைத்திருப்பார். நான்கும் தொடங்கிய நாளில் சரியாகத்தான் இருந்திருக்கும். பிறகு ஒரு நாள் வைத்தியர் ஒரு குளிசையைப் பாதியாகக் குறைப்பார். அந்த மாற்றம் நான்கில் ஒன்றில் மட்டும் ஏறும். அன்றிலிருந்து அந்த வீட்டில் நான்கு உண்மைகள்.

ஒரு பட்டியலும் இல்லாத வீட்டைவிட, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு பட்டியல்கள் இருக்கும் வீடு எனக்குக் கூடப் பயம் தருகிறது. பட்டியல் இல்லாதவர் தெரியாது என்று சொல்வார், நாம் தேடிப் பார்ப்போம். பிழையான பட்டியலை வைத்திருப்பவர் அதை உறுதியோடு நீட்டுவார், நாமும் நம்பிவிடுவோம்.

பெட்டி மாறினால் மருந்து மாறுமா?

டென்மார்க்கில் இந்தக் குழப்பம் எப்படித் தொடங்குகிறது என்பதை விளங்கிக்கொள்வது முக்கியம். இங்கே மருந்து விலைகள் 14 நாட்களுக்கு ஒருமுறை மாறுகின்றன. ஒரே மருந்தைப் பல கம்பனிகள் செய்கின்றன. வைத்தியர் வேறு விதமாக எழுதாவிட்டால், அந்த நேரத்தில் மலிவாக உள்ளதைத்தான் அப்போதெக்கில் தருவார்கள். மருந்து அதேதான், அளவும் அதேதான். ஆனால் சென்ற முறை நீலப் பெட்டியில் வெள்ளைக் குளிசை, இந்த முறை பச்சைப் பெட்டியில் மஞ்சள் குளிசை. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் உள்ள பெயரும் வேறாக இருக்கும். இதனால் அரசுக்கும் எமக்கும் காசு மிச்சம், அதில் எனக்கு முறைப்பாடு இல்லை. ஆனால் டெனிஷ் வாசிக்கச் சிரமப்படும் ஒருவருக்கு அது ஒரு புது மருந்தாகத்தான் தெரியும். பழைய பெட்டியில் இன்னும் பத்துக் குளிசை இருந்தால், வீணாக்க மனம் வராது. இரண்டையும் போடுவார்.

எழுபது வயது தாண்டிய ஒரு அம்மாவுக்கு நடந்ததை, அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றிச் சொல்கிறேன். பிறசருக்கு அம்லோடிபின் என்ற மருந்து 10 மில்லிகிராம். ஒரு பெட்டியில் நோர்வாஸ்க் என்ற வர்த்தகப் பெயர், மற்றதில் அம்லோடிபின் என்றே இருந்தது. இரண்டிலும் ஒவ்வொன்றாக மாதக்கணக்கில் போட்டிருக்கிறார். கணுக்கால் இரண்டும் வீங்கின. இந்த மருந்து கூடினால் கால் வீங்குவது நாம் அறிந்த பக்கவிளைவு. ஆனால் அவர் இரட்டிப்பாகப் போடுவது யாருக்கும் தெரியாததால், வீக்கத்துக்கு என்று சிறுநீர் கூடப்போகும் குளிசை ஒன்று சேர்ந்தது. பிறசர் இன்னும் இறங்கியது. ஒரு விடியப்புறம் குளியலறையில் தலைசுற்றி விழுந்து, விபோர்க் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டி வந்தது. இடுப்பு எலும்பு தப்பியது. எல்லோருக்கும் அப்படித் தப்பும் என்று இல்லை.

ஒரு மருந்தின் பக்கவிளைவுக்கு இன்னொரு மருந்து, அதன் பக்கவிளைவுக்கு மூன்றாவது என்று இப்படிச் சங்கிலியாகப் போவது வயதானவர்களிடம் அடிக்கடி காண்பது. சங்கிலியின் முதல் வளையம் பலமுறை இப்படியொரு பெட்டிக் குழப்பம்தான்.

நோ மருந்திலும் இதே கதை. பனொடில், பினெக்ஸ், பமொல் மூன்றும் பரசிற்றமோல்தான். ஊரிலிருந்து வரும் பனடோலும் அதேதான். தலையிடிக்கு ஒன்று, முழங்கால் நோவுக்கு இன்னொன்று, காய்ச்சலுக்கு மூன்றாவது என்று நினைத்துப் போட்டால், வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளின் மேலெல்லையான 4 கிராமைத் தாண்டி ஈரலுக்குச் சேதம் வரலாம். இப்ரென் வேறு மருந்து, அது இபுபுரோபென். பிறசர் மருந்தும் சிறுநீர்க் குளிசையும் எடுப்பவர்கள் அதைக் கேட்காமல் போடுவது சிறுநீரகத்துக்குக் கூடாது.

எனவே பெட்டியின் நிறத்தையும் பெரிய எழுத்துப் பெயரையும் விட்டுவிட்டு, அதிலுள்ள மருந்துப் பொருளின் பெயரைப் பாருங்கள். வர்த்தகப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும். அந்தப் பெயர் பெரும்பாலும் மாறாது. டென்மார்க்கிலும் யாழ்ப்பாணத்திலும் ரொறன்ரோவிலும் மெற்போமின் மெற்போமின்தான்.

சேனக பிபிலே செய்த வேலை

மருந்தை அதன் பொதுப்பெயரால் அழைப்பதும், பட்டியலைச் சுருக்குவதும் எமக்குப் புதிய விடயமல்ல. இலங்கையில் 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டபோது அதன் முதல் தலைவராக இருந்தவர் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே. அப்போது நாட்டுக்குள் ஆயிரக்கணக்கான வர்த்தகப் பெயர்களில் மருந்துகள் இறக்குமதியாகிக் கொண்டிருந்தன. அவற்றுள் பல ஒரே பொருள்தான், உறை மட்டும் வேறு. பிபிலேயும் அவரோடு இருந்தவர்களும் உண்மையில் தேவையானவை எவை என்று பிரித்து, அந்தப் பட்டியலைச் சில நூறாகக் குறைத்தார்கள். வர்த்தகப் பெயருக்குப் பதிலாகப் பொதுப்பெயரில் எழுதும் முறையையும் கொண்டுவந்தார்கள். பெரிய மருந்துக் கம்பனிகளின் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. அவர் 1977இல் காலமானார். அதே ஆண்டில்தான் உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. அதில் இருந்தவை ஏறத்தாழ 200 மருந்துகள் மட்டுமே. ஒரு நாட்டுக்கே சில நூறு பெயர்கள் போதுமென்றால், எங்கள் வீட்டு அலுமாரிக்கு எத்தனை வேண்டும்?

ஊரில் அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனவர்களுக்கு அந்தக் கொப்பி நினைவிருக்கும். மாதம் ஒருமுறை போகும்போது நோயாளிதான் அதைக் கையில் கொண்டுபோவார். வைத்தியர் அதில் எழுதுவார், அதைக் காட்டி மருந்து எடுத்து வருவோம். மழையில் நனையும், மூலை மடியும். ஆனால் எழுதுவது ஒரே இடத்தில், அது இருப்பது நோயாளியிடம். இந்த இரண்டும் சரியாக இருந்ததால் மற்றக் குறைகளோடும் அது வேலை செய்தது.

மூத்தோர் ஏன் ஒரு கடிதத்தையும் எறிவதில்லை என்று இங்கே பிறந்த பிள்ளைகள் கேட்பதுண்டு. அதற்குக் காரணம் இருக்கிறது. 1987 முதல் 1989 வரை எமது குடும்ப இணைவு விண்ணப்பங்கள் சட்டத்துக்கு மாறாகத் தடுத்து வைக்கப்பட்டன. 1993 சனவரியில் பிரதமர் போல் ஸ்லூட்டர் பதவி விலகியதும், 1995இல் முன்னாள் நீதியமைச்சர் எரிக் நின்-ஹன்சன் தண்டிக்கப்பட்டதும் அந்த விவகாரத்தால்தான். ஒரு துண்டுக் கடிதத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தலைமுறை அது. பதின்ம வயதில் அகதியாக வந்த எனக்கும் கடதாசி எறியக் கை கூசும். வதிவிட உரிமை, குடியுரிமை, ஓய்வூதியக் கடிதங்களைத் தாராளமாக வைத்திருங்கள். ஆனால் 2009இல் எழுதிய மருந்துச் சிட்டை இன்றைக்கு ஆபத்து மட்டுமே.

ஐந்து வரி செய்த வேலை

எளிமையாக இருந்தால் பாமரத்தனம் என்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் பீற்றர் புரொனொவோஸ்ட் என்ற வைத்தியர் 2001இல், தீவிர சிகிச்சை நோயாளிகளின் பெரிய நாளங்களில் குழாய் ஏற்றும்போது செய்யவேண்டிய ஐந்து விடயங்களைப் பட்டியலாக எழுதினார். கை கழுவு, தோலைச் சுத்தம் செய், தேவையில்லாத குழாயை எடுத்துவிடு என்ற மாதிரி எல்லோருக்கும் தெரிந்தவைதான். பின்னர் மிச்சிகன் மாநிலத்தில் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இதையும் சில துணை நடவடிக்கைகளையும் பின்பற்றியபோது, குழாய் வழி இரத்தத்தில் கிருமித் தொற்று ஏறுவது 66 வீதம் வரை குறைந்ததாக 2006இல் அறிக்கை வந்தது.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். சத்திரசிகிச்சைக்கென்று உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட ஒரு பக்கப் பட்டியல், முதலில் எட்டு நகரங்களில் சோதித்தபோது உயிரிழப்பைக் குறைத்தது. ஆனால் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 101 ஆஸ்பத்திரிகளில் சத்திரசிகிச்சைப் பட்டியல்கள் கட்டாயமாக்கப்பட்ட பிறகு குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை என்று 2014இல் வெளியான ஆய்வு சொன்னது. பெட்டிகளில் சரி போடுவது வேறு, அதைப் பார்த்து வேலை செய்வது வேறு என்பது அதற்குச் சொல்லப்பட்ட விளக்கங்களில் ஒன்று. பிரிட்ஜ் கதவில் அழகாக ஒட்டி, பிறகு யாரும் திரும்பிப் பார்க்காத தாளும் அப்படித்தான்.

அந்தத் தாளில் என்ன இருக்கவேண்டும்?

ஒரு ஏ4 தாள், ஒரு பக்கம். மேலே பெயர், இன்றைய திகதி, பெனிசிலின் போன்ற ஒவ்வாமை ஏதும் இருந்தால் அது. கீழே ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு வரி: மருந்துப் பொருளின் பெயர் பெட்டியில் உள்ளபடி ஆங்கில எழுத்தில், அளவு, எதற்கு என்பது தமிழில். பிறகு காலை, மத்தியானம், பின்னேரம், இரவு என்று நான்கு கட்டம், அதில் எத்தனை குளிசை என்ற இலக்கம். எதற்கு என்ற விபரம் தெரியாவிட்டால் அப்போதெக் ஒட்டும் சிட்டையைப் பாருங்கள், இந்த நாட்டில் அது அதில் எழுதப்பட்டிருக்கும்.

கிழமைக்கு ஒருமுறை மட்டும் போடும் குளிசை இருந்தால் அந்த வரியைச் சிவப்பில் எழுதி, "திங்கட்கிழமை மட்டும்" என்று கிழமையையும் குறியுங்கள். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெதோட்ரெக்சேற் அப்படியொன்று. அதைத் தவறுதலாக ஒவ்வொரு நாளும் போட்டு உயிரிழந்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

கடைசியில் ஒரு சிறு பகுதி, நீங்களாக வாங்குவதற்கு: இப்ரென், பினெக்ஸ், ஊர் லேகியம், பாகற்காய்ச் சாறு, வெந்தயப் பொடி, விற்றமின். சங்கடப்படாமல் எழுதுங்கள், நான் கோபிக்கமாட்டேன். வெந்தயமும் பாகற்காயும் சீனியைக் கொஞ்சம் இறக்கக்கூடியவை, சலரோக மருந்தோடு சேரும்போது நான் அறிந்திருக்கவேண்டும். மனச்சோர்வுக்கு என்று கடையில் விற்கும் பெரிகோன் என்ற மூலிகை, இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்துகள் உட்படப் பலவற்றின் வேலையைக் கெடுக்கும். (விரத நாட்களில் சலரோகக் குளிசையை என்ன செய்வது என்பது தனிக் கட்டுரைக்குரிய விடயம். அதுவரை விரதத்துக்கு முன் உங்கள் வைத்தியரைக் கேளுங்கள்.)

இவ்வளவுதான். பிறசர் அளவுகள், இரத்தப் பரிசோதனை முடிவுகள், பழைய சத்திரசிகிச்சை விபரங்கள் எதையும் இந்தத் தாளில் ஏற்றவேண்டாம். சேர்க்கச் சேர்க்க அதைப் புதுப்பிப்பது பாரமாகும், பாரமானதை யாரும் செய்யமாட்டார்கள்.

தாளுக்கு ஒரே ஒரு பொறுப்பாளர். அது அம்மாவாகவும் இருக்கலாம், பக்கத்தில் இருக்கும் பிள்ளையாகவும் இருக்கலாம். தூரத்திலுள்ள கெட்டிக்காரப் பிள்ளையைவிடப் பக்கத்திலுள்ள சாதாரணப் பிள்ளை இதற்கு நல்லது. மற்றவர்கள் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம், திருத்தக்கூடாது. மாற்றம் வந்தால் புதுத் தாள் எழுதி, திகதி போட்டு, பழையதை அன்றே கிழித்து எறியவேண்டும். ஒன்று குசினி அலுமாரிக் கதவின் உட்பக்கம், அதன் பிரதி மஞ்சள் சுகாதார அட்டையோடு பணப்பையில்.

மருந்து அட்டையும் செயலிகளும்

இந்த நாட்டில் எல்லோருக்கும் பொதுவான மருந்து அட்டை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. பெலெஸ் மெடிசின்கோர்ட் என்பார்கள். குடும்ப வைத்தியர், ஆஸ்பத்திரி, அப்போதெக் எல்லோரும் பார்ப்பது அதைத்தான். நீங்களும் மித்ஐடி மூலம் சுண்ஹெட்.டிகே தளத்தில் பார்க்கலாம். மின்லேகெ, மின்சுண்ஹெட், மெடிசின்கோர்டெட் என்று செயலிகளும் உண்டு. மருந்து விடயத்தில் இவை காட்டுவது அந்த ஒரே அட்டையைத்தான் என்பதால், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம்.

அப்படியானால் தாள் எதற்கு? அந்த அட்டை வைத்தியர் எழுதியதைக் காட்டும், நீங்கள் விழுங்குவதைக் காட்டாது. சிட்டையில்லாமல் வாங்கியது அதில் இல்லை. ஊரிலிருந்து வந்தது இல்லை. தலைசுற்றுகிறது என்று நீங்களாக நிறுத்தியதும் இல்லை. எனவே ஆண்டுக்கு ஒருமுறையாவது தாளையும் அட்டையையும் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்க்கும்படி உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் நாள் இதற்கு மிக முக்கியமான நாள். மாற்றங்கள் கூடுதலாக நடப்பதும், பழைய பெட்டிகள் வீட்டில் காத்திருப்பதும் அன்றுதான். நிறுத்திய மருந்துகளை அப்போதெக்கில் திருப்பிக் கொடுங்கள், அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

பெற்றோரின் மித்ஐடியைப் பிள்ளைகள் பாவிப்பது பல வீடுகளில் நடக்கிறது. மித்ஐடி ஒருவருக்கு மட்டும் உரியது, மற்றவருக்குக் கொடுக்கக்கூடாது. பிள்ளை பார்ப்பதற்கு வழி இருக்கிறது: புல்மாக்ட் எனப்படும் டிஜிட்டல் அதிகாரம். ஒருமுறை செய்துவிட்டால் பிள்ளை தன் சொந்த மித்ஐடியால் அம்மாவின் மருந்து அட்டையைப் பார்க்கலாம். ஆஸ்பத்திரி அழைப்புகள் வரும் டிஜிட்டல் போஸ்டுக்கும் அதேபோல் வாசிக்கும் உரிமை கொடுக்கலாம். கடிதம் திறக்கப்படாமல் கிடந்து ஸ்கேன் திகதி தவறிப்போன கதைகள் எமது ஊரிலும் உண்டு.

2018 யூலையில், மூன்று ஆண்டுகளுக்கு மேல் இங்கு வாழ்ந்தவர்கள் மொழிபெயர்ப்பாளருக்குத் தாங்களே கட்டணம் செலுத்தவேண்டும் என்ற விதி வந்தது. அதன் பிறகு பலர் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டி வரத் தொடங்கினார்கள். பாட்டியின் ஏழு மருந்துகளை மொழிபெயர்ப்பது பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் வேலையல்ல. மருந்துப் பெயரும் இலக்கமும் உள்ள தாள் கையில் இருந்தால், அந்த அளவுக்காவது மொழி தேவைப்படாது.

கிழமைப் பெட்டி வாங்கலாமா?

வாங்கலாம், ஒரு எச்சரிக்கையோடு. ஒருவர் இதுவரை குளிசைகளில் பாதியைத் தவறவிட்டு வந்திருக்கிறார் என்று வையுங்கள். பிறசர் இறங்கவில்லை என்று வைத்தியர் அளவைக் கூட்டியிருப்பார். இப்போது மகள் பெட்டி வாங்கி எல்லாவற்றையும் ஒழுங்காகப் போடவைக்கிறார். திடீரென்று முழு அளவும் உள்ளே போகிறது. பிறசரோ சீனியோ தாறுமாறாக இறங்கலாம். ஆகவே பெட்டி தொடங்குவதற்கு முன் எத்தனை தவறியது என்ற உண்மையை வைத்தியரிடம் சொல்லுங்கள். ஏசமாட்டோம்.

மருந்துகள் நிறைய இருந்து, அடிக்கடி மாறாதவையாக இருந்தால், அப்போதெக்கிலேயே நேரவாரியாகச் சிறு பைகளில் பொதிசெய்து தரும் முறை உண்டு. வழக்கமாக இரண்டு கிழமைக்குரியது ஒரு சுருளாக வரும், ஒவ்வொரு பையிலும் நாளும் நேரமும் அச்சிட்டிருக்கும். அதற்கு வைத்தியர் எழுதித் தரவேண்டும், சிறு கட்டணமும் உண்டு. கண் பார்வை குறைந்தவர்களுக்கும் தனியாக இருப்பவர்களுக்கும் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். இதை எடுத்தால் கிழமைப் பெட்டியை நிறுத்திவிடுங்கள்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு

விடுமுறைக்கு இலங்கை போவோர் அந்தத் தாளின் பிரதியையும், மருந்துகளை அப்போதெக் சிட்டை ஒட்டிய பெட்டிகளிலேயே கைப்பையிலும் கொண்டுபோங்கள். பெரிய பெட்டி வராமல் போனாலும் மருந்து உங்களோடு இருக்கும். யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தால், பொதுப்பெயரில் எழுதிய தாளை அங்குள்ள வைத்தியர் உடனே விளங்கிக்கொள்வார். அங்கே கொடுக்கும் மருந்துகளைத் தாளின் கடைசிப் பகுதியில் எழுதிக்கொண்டு வாருங்கள். மூன்றரை, நாலரை மணித்தியால வித்தியாசத்துக்காகச் சாதாரணப் பிறசர், கொலஸ்ரோல் குளிசைகளில் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. அந்த நாட்டுக் காலையில் காலைக் குளிசையைப் போடுங்கள். இன்சுலின் போடுபவர்கள் மட்டும் பயணத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் உங்கள் வைத்தியரிடமோ தாதியிடமோ நேரம் எடுத்துக் கதையுங்கள்.